கார்ல் லான்ட்ஸ்டைனர்: குருதியைப் பிரித்தறிந்தவர்

எங்கள் வீட்டு அலுமாரியில், பிறப்புச் சான்றிதழ்கள் வைக்கும் பையினுள் உம்மாவின் பழைய கிளினிக் அட்டை ஒன்று இருக்கிறது. நான் வயிற்றில் இருந்த காலத்தில் கொடுக்கப்பட்டது. அதன் மேல் மூலையில் சிவப்பு மையினால் ஓ நெகட்டிவ் என்று பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடுகளும் போடப்பட்டுள்ளன. சின்ன வயதில் அதைப் பார்த்து உம்மாவுக்கு ஏதோ நோய் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சிவப்பு எழுத்தின் அர்த்தம் விளங்கியது. அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது என்பதும் விளங்கியது. அவர் பெயர் கார்ல் லான்ட்ஸ்டைனர்.

அவரைப் பற்றி எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் உள்ள எங்கள் ஊர் மையவாடியில் என் உம்மம்மாவின் இரண்டு குழந்தைகள் அடங்கியிருக்கிறார்கள். மூத்தவரான மாமா எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தார். இரண்டாவது குழந்தை பிறந்த அன்றே மஞ்சளாகி மூன்றாம் நாள் மௌத்தாகியது. மூன்றாவது குழந்தை உயிரில்லாமலே பிறந்தது. உடம்பெல்லாம் நீர் கோர்த்து, வயிறு ஊதி, முகம் வெளிறி வீங்கியிருந்ததாம். கண்ணூறு என்று சிலர் சொன்னார்கள். உம்மம்மா சாப்பிடக் கூடாததைச் சாப்பிட்டிருப்பார் என்று சிலர் சொன்னார்கள். அவருடைய வயிறே சரியில்லை, மாப்பிள்ளைக்கு வேறொரு நிக்காஹ் செய்து வைக்கலாம் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அதன் பிறகு நான்காவதாக என் உம்மா எந்த வருத்தமும் இல்லாமல் பிறந்தார். ஏன் அந்த இரண்டு பேரும் போனார்கள், ஏன் இவள் மட்டும் தங்கினாள் என்று உம்மம்மாவுக்கு ஐம்பது வருடங்களாக யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

லான்ட்ஸ்டைனரின் வாழ்க்கையைப் படித்தால் அதற்கு விடை கிடைக்கிறது.

இளமைக் காலம்

கார்ல் லான்ட்ஸ்டைனர் 1868 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14 ஆம் திகதி ஒஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு அருகிலுள்ள பாடன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை லியோபோல்ட் லான்ட்ஸ்டைனர் பெயர் பெற்ற பத்திரிகையாளர். கார்லுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவர் காலமானார். அதன் பின்னர் மகனை வளர்த்து ஆளாக்கியவர் தாய் பன்னி. தாய்க்கும் மகனுக்கும் இடையே இருந்த அன்பு மிக ஆழமானது. தாய் இறந்தபோது அவருடைய முகத்தை அச்செடுத்து, அந்த உருவத்தைத் தன் இறுதி நாள் வரை அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார் லான்ட்ஸ்டைனர்.

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று 1891 இல் பட்டம் பெற்றார். மற்றவர்களைப் போல உடனே நோயாளரைப் பார்க்க அவர் போகவில்லை. உடம்புக்குள் நடப்பதை விளங்க வேண்டுமானால் இரசாயனம் தெரிய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஆகவே அடுத்த சில வருடங்களைச் சூரிச், வூர்ட்ஸ்பேர்க், மியூனிக் ஆகிய நகரங்களின் இரசாயன ஆய்வுகூடங்களில் கழித்தார். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எமில் பிஷர் அவருக்குக் கற்பித்தவர்களில் ஒருவர். மருத்துவமும் இரசாயனமும் ஒரே கையில் சேர்ந்ததுதான் அவருடைய பிற்காலக் கண்டுபிடிப்புகளுக்கு அடித்தளம்.

1898 முதல் 1908 வரை வியன்னாவின் நோயியல் உடற்கூற்று நிறுவனத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்து மரணத்தின் காரணத்தைக் கண்டறிவது அங்கு அவருடைய வேலை. அந்தப் பத்து வருடங்களில் 3600 க்கும் மேற்பட்ட உடல்களை அவர் பரிசோதித்தார். காலையில் அந்த வேலை, மிகுதி நேரத்தில் ஆய்வு. சம்பளம் குறைவு, புகழும் இல்லை. கூட்டத்தில் பேசுவதற்கே கூச்சப்படும் மனிதராக அவர் இருந்தார். ஆனால் ஆய்வு மேசைக்கு முன்னால் அவருடைய பொறுமைக்கு எல்லையில்லை.

ஒருவர் குருதியும் இன்னொருவர் குருதியும்

அந்தக் காலத்தில் எல்லா மனிதரின் குருதியும் ஒன்றுதான் என்று கருதினார்கள். 1818 இல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டல் என்ற மகப்பேற்று வைத்தியர் ஒரு மனிதரின் குருதியை இன்னொரு மனிதருக்கு ஏற்றிப் பார்த்திருந்தார். பிரசவத்தின்போது குருதி இழந்து இறக்கும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆனால் இந்தச் சிகிச்சை சிலரைப் பிழைக்க வைத்தது, சிலரைச் சில மணித்தியாலங்களில் கொன்றது. யார் பிழைப்பார், யார் இறப்பார் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதனால் பெரும்பாலான வைத்தியர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

லான்ட்ஸ்டைனர் செய்த பரிசோதனை மிக எளிமையானது. தன்னுடைய குருதியையும் தன்னோடு வேலை செய்தவர்களுடைய குருதியையும் எடுத்தார். ஒவ்வொன்றிலும் செங்குழியங்களை வேறாகவும் நீர்ப்பாயத்தை வேறாகவும் பிரித்தார். பிறகு ஒருவரின் நீர்ப்பாயத்தோடு இன்னொருவரின் செங்குழியங்களைக் கலந்து பார்த்தார். சில சோடிகளில் எதுவும் நடக்கவில்லை. சில சோடிகளில் செங்குழியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரண்டன. இப்படித் திரள்வதை மற்றவர்களும் பார்த்திருந்தார்கள், ஆனால் நோயின் காரணமாக நடப்பதாக நினைத்தார்கள். லான்ட்ஸ்டைனர் குருதி எடுத்தவர்களோ நல்ல ஆரோக்கியமான மனிதர்கள். எனவே இது நோயல்ல, பிறவியிலேயே உள்ள வேறுபாடு என்று அவர் முடிவுக்கு வந்தார்.

1901 இல் அந்த முடிவுகளை வெளியிட்டார். மனிதக் குருதியில் மூன்று வகைகள் உண்டு என்று காட்டி, அவற்றுக்கு ஏ, பீ, சீ என்று பெயரிட்டார். சீ என்பதுதான் பின்னர் ஓ ஆனது. அடுத்த வருடம் அவருடைய சகாக்களான டெகஸ்டெலோவும் ஸ்டர்லியும் நான்காவது வகையான ஏபீயைக் கண்டறிந்தார்கள். செங்குழியத்தின் மேற்பரப்பில் பிறபொருளெதிரியாக்கிகள் உண்டு, நீர்ப்பாயத்தில் பிறபொருளெதிரிகள் உண்டு, இரண்டும் பொருந்தாமல் சந்தித்தால் குழியங்கள் திரளும் என்று நாங்கள் இன்று பாடப்புத்தகத்தில் படிப்பதன் தொடக்கம் அதுதான்.

இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை உலகம் உடனே கண்டுகொள்ளவில்லை. குருதி ஏற்றுவதற்கு முன் இரண்டு பேரின் குருதியையும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் 1907 இல் நியூயோர்க்கில் ரூபன் ஒட்டன்பேர்க் என்பவரால்தான் தொடங்கியது. முதலாம் உலக யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்குக் குருதி தேவைப்பட்டபோது அதன் பெறுமதி பரவலாக விளங்கத் தொடங்கியது. லான்ட்ஸ்டைனர் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1908 இல் இளம்பிள்ளை வாதம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தொற்றுக் கிருமியால் வருகிறது என்பதை எர்வின் பொப்பருடன் சேர்ந்து குரங்குகளில் பரிசோதித்துக் காட்டினார். இன்று நாங்கள் போலியோச் சொட்டு மருந்து என்று அறிந்திருப்பது வருவதற்கு அந்த ஆய்வு முதற்படிகளில் ஒன்றாக இருந்தது.

வறுமையும் இடப்பெயர்வும்

1916 இல் ஹெலன் விளாஸ்டோ என்பவரை லான்ட்ஸ்டைனர் மணந்தார். அடுத்த வருடம் ஒரு மகன் பிறந்தான். 1918 இல் யுத்தம் ஒஸ்திரியாவின் தோல்வியுடன் முடிந்தது. வியன்னாவில் உணவும் இல்லை, குளிருக்கு எரிக்க விறகும் இல்லை. ஆய்வு நடத்தும் வசதிகள் அற்றுப் போயின. பேராசிரியர் என்ற பட்டம் இருந்தும் குடும்பத்தைக் காப்பாற்ற முடியாத நிலை ஏற்பட்டது. 1919 இல் நாட்டை விட்டு நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குச் சென்று, ஒரு சிறிய வைத்தியசாலையில் வேலைக்கு அமர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த ஒரு விஞ்ஞானி, சிறிய ஓர் அறையில் வழமையான பரிசோதனைகளைச் செய்து காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது. அங்கும் அவர் ஆய்வை நிறுத்தவில்லை.

அதன் பிறகு நியூயோர்க்கின் ரொக்பெல்லர் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் அவரை அழைத்தது. 1920களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றவர், 1929 இல் அந்நாட்டுப் பிரஜையானார். அங்கு பிலிப் லெவின் என்ற இளைஞர் அவருக்கு உதவியாளராக வந்து சேர்ந்தார். இருவரும் சேர்ந்து 1927 இல் எம், என், பீ எனும் வேறு குருதிக் காரணிகளைக் கண்டறிந்தார்கள். 1930 ஆம் ஆண்டு, மனிதக் குருதி வகைகளைக் கண்டறிந்தமைக்காக லான்ட்ஸ்டைனருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. முதல் ஆய்வு வெளியாகி ஏறக்குறைய முப்பது வருடங்களுக்குப் பிறகு கிடைத்த அங்கீகாரம் அது. பரிசு பெற்ற பின்னரும் அவர் மாறவில்லை. பத்திரிகையாளர்களையும் விருந்துகளையும் தவிர்த்து, ஆய்வுகூடமும் வீடும் என்றே இருந்தார்.

வீங்கிப் பிறந்த குழந்தைகள்

இப்போது உம்மம்மாவின் மூன்றாவது குழந்தைக்கு வருவோம். கருவில் உள்ள சிசுவின் தோலின் கீழும், வயிற்றிலும், நெஞ்சுக் கூட்டிலும், இதயத்தைச் சுற்றியும் நீர் தேங்குவதை வைத்தியர்கள் ஹைட்ரொப்ஸ் என்பார்கள். இந்த இடங்களில் குறைந்தது இரண்டில் நீர் தேங்கியிருந்தால் அந்தப் பெயர் பொருந்தும். இது புதிய நோய் இல்லை. 1609 இல் பிரான்சின் அரச குடும்பத்துக்குப் பிரசவம் பார்த்த லூயிஸ் பூர்ஷுவா என்ற மருத்துவிச்சி இரட்டைக் குழந்தைகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஒன்று வீங்கிப் பிறந்து உடனே இறந்தது. மற்றது மஞ்சளாகிப் பின்னர் இறந்தது. அதை வாசித்தபோது உம்மம்மாவின் இரண்டு குழந்தைகளும் எனக்கு முன்னால் வந்து நின்றது போல இருந்தது.

1892 இல் எடின்பரோவைச் சேர்ந்த பலன்டைன் என்ற வைத்தியர் இந்த வீக்கத்தை விரிவாக ஆராய்ந்து, பல காரணங்கள் இதே முடிவுக்குக் கொண்டு வரலாம் என்று எழுதினார். 1932 இல் அமெரிக்காவின் லூயிஸ் டயமண்ட், பிளாக்பான், பெய்ட்டி ஆகியோர் வீங்கிப் பிறக்கும் குழந்தை, கடுமையாக மஞ்சளாகும் குழந்தை, குருதிச்சோகையுடன் பிறக்கும் குழந்தை ஆகிய மூன்றும் ஒரே நோயின் மூன்று நிலைகள் என்று காட்டினார்கள். குழந்தையின் செங்குழியங்கள் அழிகின்றன என்பது தெரிந்துவிட்டது. அவற்றை அழிப்பது எது என்பதுதான் தெரியவில்லை.

அந்த விடைக்கு வழி திறந்தவர் லான்ட்ஸ்டைனரின் பழைய உதவியாளர் லெவின். 1937 இல் நியூயோர்க்கில் ஒரு பெண்ணுக்கு உயிரில்லாத குழந்தை பிறந்தது. குருதி இழந்த அவருக்குக் கணவரின் குருதியை ஏற்றினார்கள். இருவரும் ஓ வகையினர். ஆகவே எதுவும் நடந்திருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டது. லெவின் அவருடைய நீர்ப்பாயத்தைப் பொருந்த வேண்டிய 104 பேரின் குருதியோடு கலந்து பார்த்தபோது 80 பேரின் செங்குழியங்கள் திரண்டன. தாயிடம் இல்லாத ஏதோ ஒன்றைக் குழந்தை தந்தையிடமிருந்து பெற்றிருக்கிறது, அதற்கு எதிராகத் தாயின் உடல் பிறபொருளெதிரியை உண்டாக்கியிருக்கிறது என்று லெவினும் ஸ்டெட்சனும் 1939 இல் எழுதினார்கள். ஆனால் அந்த ஒன்றுக்கு அவர்கள் பெயரிடவில்லை.

பெயர் கிடைத்தது 1940 இல். லான்ட்ஸ்டைனர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார், வயது எழுபதைக் கடந்திருந்தது. ஆனாலும் நாள்தோறும் ஆய்வுகூடம் போய்க்கொண்டிருந்தார். அலெக்சாண்டர் வீனருடன் சேர்ந்து றீசஸ் இனக் குரங்கின் செங்குழியங்களை முயல்களுக்குச் செலுத்தி, அதனால் உண்டான நீர்ப்பாயத்தை மனிதக் குருதியோடு கலந்தார். நியூயோர்க்கில் பரிசோதித்த வெள்ளையர்களில் நூற்றுக்கு 85 பேரின் குருதி திரண்டது, மிகுதிப் பேரின் குருதி திரளவில்லை. திரண்டவர்களிடம் றீசஸ் காரணி உண்டு, அவர்கள் பொசிட்டிவ். மற்றவர்கள் நெகட்டிவ். அடுத்த வருடமே லெவினும் அவருடைய சகாக்களும், குழந்தைகளைக் கொல்லும் அந்த நோய்க்குப் பெரும்பாலும் இந்தக் காரணியே காரணம் என்று காட்டினார்கள்.

எங்கள் குடும்பத்தில் நடந்தது

இது எப்படி நடக்கிறது என்பதை எங்கள் குடும்பத்தை வைத்தே சொல்கிறேன். உம்மம்மாவுக்கு வயதான காலத்தில் ஒரு சத்திரசிகிச்சை செய்தபோதுதான் அவர் ஓ நெகட்டிவ் என்று தெரிய வந்தது. அப்பா, அதாவது உம்மாவின் வாப்பா, பொசிட்டிவ். மூத்த மாமாவும் பொசிட்டிவ். கர்ப்பகாலத்தில் தாயின் குருதியும் சிசுவின் குருதியும் சூல்வித்தகத்தில் அருகருகே ஓடினாலும் பெரிதாகக் கலப்பதில்லை. பிரசவ நேரத்தில் சிசுவின் செங்குழியங்கள் கொஞ்சம் தாயின் குருதிக்குள் போய்விடும். மாமா பிறந்தபோது அப்படிப் போனவற்றை உம்மம்மாவின் உடல் அந்நியமாகக் கண்டு, பிறபொருளெதிரிகளை உண்டாக்கப் பழகிக்கொண்டது. அதற்குள் மாமா பிறந்துவிட்டதால் அவருக்கு எந்தப் பாதிப்பும் வரவில்லை.

அடுத்த குழந்தையும் பொசிட்டிவ் ஆனபோது, பழகியிருந்த உடல் விரைவாகப் பிறபொருளெதிரிகளை உண்டாக்கியது. அவை சூல்வித்தகத்தைத் தாண்டிச் சென்று குழந்தையின் செங்குழியங்களை அழித்தன. அழியும் செங்குழியங்களிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் உண்டாகும். வயிற்றில் இருக்கும் வரை தாயின் உடல் அதை அகற்றிவிடும். பிறந்த பிறகு குழந்தையின் ஈரலால் சமாளிக்க முடியாமல் போக, அது மூளை வரை சென்று பாதிக்கும். இரண்டாவது குழந்தை மஞ்சளானது இப்படித்தான்.

மூன்றாவது முறை தாக்கம் இன்னும் கடுமையானது. குருதி குறையக் குறைய, இதயம் அளவுக்கு மீறி வேலை செய்து களைத்துப் போகும். ஈரலும் மண்ணீரலும் செங்குழியங்களை உண்டாக்கப் பாடுபட்டு வீங்கும். வீங்கிய ஈரலால் போதிய புரதம் உண்டாக்க முடியாது. குருதியில் புரதம் குறைந்தால் நீர் குழாய்களுக்குள் நிற்காமல் வெளியே கசியும். அந்த நீர்தான் குழந்தையின் வயிற்றிலும் தோலிலும் தேங்கியது.

அப்படியானால் உம்மா எப்படித் தப்பினார்? உம்மாவும் நெகட்டிவ். அப்பாவிடம் இரண்டு எதிருருக்கள் இருந்திருக்க வேண்டும், ஒன்று பொசிட்டிவ், மற்றது நெகட்டிவ். பின்னிடைவான அந்த நெகட்டிவ் எதிருரு உம்மாவுக்கு வந்தது. உம்மம்மாவின் பிறபொருளெதிரிகள் தேடி வந்த காரணி உம்மாவின் செங்குழியங்களில் இல்லாததால் அவை உம்மாவைத் தொடவில்லை. பரம்பரையியல் பாடத்தில் போடும் சதுரத்தை நான் கொப்பியில் போட்டு உயிரியல் ஆசிரியையிடம் காட்டினேன். நீர்க்கோப்பு, மஞ்சள், பிறந்த ஒழுங்கு எல்லாம் பொருந்துகின்றன என்று அவர் சொன்னார். ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உம்மா அந்த நல்ல பாதியில் வந்தவர். எல்லாம் வல்ல இறைவனின் நாட்டம்.

இறுதி நாட்கள்

தன் கண்டுபிடிப்பால் குழந்தைகள் பிழைப்பதைக் காணும் வரை லான்ட்ஸ்டைனர் வாழவில்லை. கடைசி வருடங்களில் அவருடைய மனைவி தைரொயிட் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். அந்தக் கவலையுடன், புற்றுநோய் பற்றியும் அவர் ஆராயத் தொடங்கினார். 1943 ஜூன் 24 ஆம் திகதி ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோதே மாரடைப்பு ஏற்பட்டது. கையில் குழாயி இருந்தபடியே சாய்ந்தார் என்று சொல்வார்கள். இரண்டு நாட்களில், ஜூன் 26 ஆம் திகதி, தான் இருபது வருடங்கள் உழைத்த அதே நிறுவனத்தின் வைத்தியசாலையில் காலமானார். வயது 75. அதே வருடம் மனைவியும் மறைந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1940களில் மஞ்சளாகும் குழந்தையின் குருதியைச் சிறிது சிறிதாக மாற்றும் சிகிச்சை வந்தது. 1963 இல் நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில் வில்லியம் லைலி என்ற வைத்தியர், இன்னும் பிறக்காத சிசுவுக்குத் தாயின் வயிற்றினூடாக ஊசி செலுத்திக் குருதி கொடுத்துக் காப்பாற்றினார். அதே காலத்தில் இங்கிலாந்தின் லிவர்பூலிலும் அமெரிக்காவின் நியூயோர்க்கிலும் இரு குழுக்கள் நோயே வராமல் தடுக்க வழி தேடின. பிரசவம் முடிந்தவுடன் தாய்க்குள் வந்துவிட்ட சிசுவின் செங்குழியங்களை, தாயின் உடல் அடையாளம் காணு முன்பே வெளியிலிருந்து கொடுக்கும் பிறபொருளெதிரியால் அகற்றிவிடலாம் என்பது அவர்கள் கண்ட வழி. ஆன்டி டீ எனப்படும் அந்த ஊசி 1968 இல் பாவனைக்கு வந்தது. பிரசவம் முடிந்து 72 மணித்தியாலங்களுக்குள் அதைப் போட வேண்டும். உம்மம்மாவின் குழந்தைகள் அதன் பிறகு சில வருடங்களில்தான் பிறந்தார்கள். ஆனால் அந்த ஊசி அவரிடம் வந்து சேரவில்லை.

உம்மாவிடம் அது வந்து சேர்ந்தது. நாநா ஓ பொசிட்டிவ். அவர் பிறந்தவுடன் உம்மாவுக்கு அந்த ஊசியைப் போட்டார்கள். நானும் ஓ பொசிட்டிவ். நான் வயிற்றில் இருந்தபோது உம்மாவின் குருதியில் பிறபொருளெதிரிகள் உண்டாகியிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். இல்லை. நான் நோயில்லாமல் பிறந்தேன். அலுமாரியில் உள்ள அட்டையின் சிவப்பு எழுத்து நோயைச் சொல்ல எழுதியதல்ல, மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியது.

இன்றைய நிலை

ஆன்டி டீ வந்த பிறகு றீசஸ் காரணத்தால் நீர் கோர்க்கும் சிசுக்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அந்த ஊசி சரியாகக் கிடைக்கும் நாடுகளில் இன்று காணப்படும் ஹைட்ரொப்ஸில் பத்தில் ஒன்பது பங்கு வேறு காரணங்களால் வருகிறது. சிசுவின் இதயக் குறைபாடு, இதயம் மிக வேகமாகவோ ஒழுங்கில்லாமலோ துடித்தல், நிறமூர்த்தக் கோளாறுகள், பாவோ வைரஸ் போன்ற தொற்றுகள், ஒரே சூல்வித்தகத்தைப் பகிரும் இரட்டையர்களிடையே குருதி சமனில்லாமல் ஓடுதல், நிணநீர் வழிகளின் குறைபாடு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. தென்கிழக்காசிய நாடுகளில் அல்பா தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயும் பெரிய காரணம்.

முடிவு காரணத்தைப் பொறுத்தது. குருதிச்சோகை என்றால் கொப்பூழ்க்கொடி வழியாகக் குருதி ஏற்றலாம். இதயத் துடிப்புக் கோளாறு என்றால் தாய்க்குக் கொடுக்கும் மருந்து சிசுவையும் சென்றடையும். நெஞ்சில் தேங்கிய நீரைச் சிலவேளை சிறு குழாய் வைத்து வடிக்கலாம். ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே கடுமையாக நீர் கோர்த்தால், அல்லது நிறமூர்த்தக் கோளாறு இருந்தால், பெரும்பாலும் சிசு தங்காது. சிலவேளை தாய்க்கும் உடம்பு வீங்கிக் குருதியமுக்கம் கூடி ஆபத்து வரலாம். ஆகவே ஸ்கேன் பரிசோதனையையும் கிளினிக் நாளையும் தவற விடக்கூடாது. இவற்றில் எந்தக் காரணமும் தாய் செய்த பிழையால் வருவதில்லை.

எங்கள் நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பேர்தான் றீசஸ் நெகட்டிவ். குறைவுதான், ஆனால் ஒரு பெரிய பாடசாலையில் எண்ணினால் பலர் இருப்பார்கள். கர்ப்பவதிகளின் குருதி வகையை முதல் கிளினிக்கிலேயே பார்க்கிறார்கள். நெகட்டிவ் என்றால் அந்த விடயத்தை உரிய பெண்ணும், அவருடைய கணவரும், மாமியாரும் விளங்கியிருக்க வேண்டும். பிரசவத்துக்கு மட்டுமல்ல, கரு கலைந்தாலோ இடையில் குருதி போனாலோ வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அப்போதும் அந்த ஊசி தேவைப்படலாம். முதல் குழந்தை நன்றாகப் பிறந்ததே, இனி என்ன என்று அலட்சியமாக இருப்பதுதான் ஆபத்து. எங்கள் மாமாவும் நன்றாகத்தான் பிறந்தார்.

லான்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14 ஆம் திகதி இன்று உலகக் குருதிக் கொடையாளர் தினமாக அனுசரிக்கப்படுகிறது. ஆன்டி டீ ஊசியும் குருதி கொடுப்பவர்களிடமிருந்துதான் பெறப்படுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பள்ளிவாசலிலோ பாடசாலையிலோ குருதிக் கொடை முகாம் நடந்தால் உங்கள் வாப்பாவையும் நாநாவையும் அனுப்புங்கள். வயது வந்ததும் நாங்களும் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.

இதை எழுதும் முன் உம்மம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பியில் சதுரத்தைப் போட்டுக் காட்டினேன். அவருக்கு எழுத்து அவ்வளவாகத் தெரியாது. நான்கு பெட்டிகளில் இரண்டைக் காட்டி, இது உங்கள் இரண்டு பிள்ளைகளும் மாமாவும், மற்ற இரண்டும் உம்மாவைப் போன்றவர்களுக்கு உரியவை என்றேன். அவர் அந்தப் பெட்டிகளை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். தான் சாப்பிட்டதால் வந்ததில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். மீண்டும் ஒருமுறை கேட்டார். மீண்டும் இல்லை என்றேன். பிறகு, மாமாவின் மகளுக்கு இந்த வருடம் கலியாணம் அல்லவா, அவளுடைய இரத்தம் என்ன என்று பார்த்தார்களா என்று விசாரித்தார். பார்க்கவில்லை என்றதும், தொலைபேசியை எடுத்துக் கொண்டு வரச் சொன்னார்.